எல்லாம் விழுந்துடுச்சு

"இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?"

கேட்டது எங்களை அல்ல. உள்ளறை நாற்காலியில் ஒரு லாரி ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். அவர் மூக்கின் மேல் கனத்த சட்டம் ஒன்றை மாட்டி, வட்ட வட்டமான லென்சுகளைப் போட்டும் எடுத்தும் கேட்டுக்கொண்டிருந்தார் கண்ணாடிக் கடை அக்கா.

"ரெண்டும் ஒண்ணாத்தாம்மா இருக்கு. எதுக்க வர்றது லாரியா காரான்னு தெரிஞ்சாப் போதும். உள்ள இருக்கிறவன் மூஞ்சி எனக்கு எதுக்கு?"

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அக்கா அடுத்த லென்சை எடுத்தார்.

நானும் ப்ரூஃப் சாரும் வாசல் பெஞ்சில் காத்திருந்தோம். ப்ரூஃப் என்பது அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. இருபத்திரண்டு வருடம் அச்சகத்தில் பிழை திருத்திய மனிதர் அவர். அச்சகத்தை மூடியதும் துப்பறிய வந்துவிட்டார். இரண்டும் ஒரே வேலைதான், இதில் கண் கொஞ்சம் குறைவாக வலிக்கிறது என்பார். நான் அவருடைய உதவியாளர். அவர் என்னை வாயாடி என்று கூப்பிடுவார். அதை நான் பதவியின் பெயராக எடுத்துக்கொண்டு விட்டேன்.

லாரிக்காரர் போனதும் அக்கா வெளியே வந்து, எதிரில் நின்றபடியே கைப்பேசியை நீட்டினார். அவருடைய கணவர் ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி. இறந்து தொண்ணூற்றிரண்டு நாள் ஆகிறது. திரையில் அவர் கடைசியாக அனுப்பிய செய்தி இருந்தது. மதியம் இரண்டு நாற்பத்திரண்டு.

'எல்லாம் விழுந்துடுச்சு.'

அவ்வளவுதான். அதற்கு முன்னும் பின்னும் எதுவும் இல்லை.

"மூணு மணிக்கு இதைப் பார்த்தேன்" என்றார் அக்கா. "கடைல கூட்டம். மறுபடி ஏதோ சரியில்ல போல, சாயங்காலம் வந்து புலம்பட்டும்னு விட்டுட்டேன். கூப்பிடல. நாலேகாலுக்கு நிலையத்துலேர்ந்து கூப்பிட்டாங்க. நைட்ரஜன் அறையில கிடந்தாராம்."

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மருந்துச் சீட்டைப் படிப்பது போலச் சொன்னார்.

"கல்யாணமாகி எத்தனை வருஷம்மா?" என்று கேட்டார் ப்ரூஃப் சார்.

"ஒன்றரை. ரெண்டு பேருக்குமே லேட்டான கல்யாணம். அஞ்சாம் நாள் கடைக்கு வந்துட்டேன் சார். எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தாங்க. எனக்கு அழுகை வரல. பல்லு பிடுங்க ஊசி போடுவாங்கல்ல, அந்த மாதிரி இருக்கு. கன்னம் என்னுதுதான், கிள்ளினா தெரிய மாட்டேங்குது."

நான் ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். எதுவும் சரியாக வராது என்று தெரிந்து மூடிக்கொண்டேன். எனக்கு இது அபூர்வம்.

"இன்னிக்கு அஞ்சு மணிக்கு நிலையத்துல அவர் ஃபைலை மூடுறாங்க. தற்கொலைன்னு எழுதி என்கிட்ட கையெழுத்து கேக்குறாங்க. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். அவரா போனாரா? ஆமான்னா ஆமான்னே சொல்லுங்க. நான் கூப்பிட்டிருந்தா இருந்திருப்பார்னா, அதையும் சொல்லுங்க. எதுவும் தெரியாம இப்படி மரத்துப் போய் இருக்கிறதுதான் முடியல."

ஃபைலைப் பார்க்க எங்களுக்கு அனுமதி கொடுக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டார்.

*

ஆராய்ச்சி நிலையத்தின் துறைத் தலைவர் எங்களுக்கு ஒதுக்கிய நேரம் பத்து நிமிடம். அதில் மூன்று நிமிடம் கண்ணாடியைத் துடைத்தார்.

"நல்ல மனுஷன். ஆனா மனசு ஒடிஞ்சு போயிருந்தார். போன வருஷம் ஒரு கட்டுரை வெளியிட்டார். புது மருந்து ஒண்ணு டி.என்.ஏ.வுல எங்க போய் ஒட்டுதுன்னு எக்ஸ்ரேவுல கண்டுபிடிச்சதா. வேறொரு குழு அதே அளவுகளை வாங்கிப் பார்த்துட்டு, அங்க இருக்கிறது மருந்தே இல்ல, வெறும் தண்ணின்னு எழுதிட்டாங்க."

"தண்ணியா?" என்றேன்.

"டி.என்.ஏ. முறுக்கின ஏணி மாதிரி இருக்கும்மா. முறுக்குறப்போ பக்கவாட்டுல ரெண்டு பள்ளம் விழும். ஒண்ணு அகலம், ஒண்ணு ஒடுக்கம். இந்த மாதிரி மருந்து ஒடுக்கமான பள்ளத்துல போய் உட்காரும். மருந்து இல்லன்னா அதே இடத்துல தண்ணி மூலக்கூறுங்க வரிசையா உட்கார்ந்திருக்கும். எக்ஸ்ரேவுல மூஞ்சி தெரியாது. மங்கலா ஒரு நீளம்தான் தெரியும்."

"பனிமூட்டத்துல பஸ் ஸ்டாப்பைப் பார்க்கிற மாதிரி. நிக்கிறது நாலு ஆளா, ஒரு நீள பெஞ்சான்னு தெரியாது."

தலைவர் முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதேதான். இவர் நாலு ஆளைப் பெஞ்சுன்னுட்டார். நேர்மையான தப்புதான். ஆனா கேன்டீன்ல தண்ணி டாக்டர்னு பேர் வச்சுட்டாங்க."

நம் ஊர்ப் பேச்சில் அந்தப் பெயருக்கு இன்னோர் அர்த்தமும் உண்டு. குடிக்காத ஒருவரை ஒரு வருடம் முழுக்க அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அக்காவின் மரமரப்பு என்னையும் தொற்றிக்கொண்டதோ என்று சந்தேகமாக இருந்தது.

ப்ரூஃப் சார் ஃபைலைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் படிப்பதைப் பார்த்தால் பரீட்சை எழுதியவனுக்குப் பயம் வரும். விரல் ஒவ்வொரு எழுத்தின் மேலும் நின்று நின்று நகரும். ஓரிடத்தில் நகரவே இல்லை.

"சார், இங்க அவரோட கடைசி செய்தின்னு போட்டு, 'என் முயற்சிகள் அனைத்தும் வீழ்ந்துவிட்டன'ன்னு இருக்கு."

"ஆமா, கைப்பேசில இருந்ததுதான்."

"கைப்பேசில ரெண்டே சொல்லு. 'எல்லாம் விழுந்துடுச்சு.' 'என்'னும் இல்ல, 'முயற்சி'யும் இல்ல."

"அலுவலக ஃபைல் சார். கொச்சையா எழுத முடியுமா? எங்க கிளார்க் திருத்தி எழுதினார். அர்த்தம் ஒண்ணுதானே?"

"விழுறது வேற, வீழுறது வேற. மாம்பழம் விழும். ராஜ்யம் வீழும்." ப்ரூஃப் சார் பக்கத்தைத் திருப்பினார். "வேற யாராவது அந்த ஒரிஜினலைப் பார்த்தாங்களா?"

"எதுக்குப் பார்க்கணும்? ஃபைல்ல இருக்கிறதைத்தான் எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். ஒரு நிமிஷம் எழுந்து நின்னோம்."

அடுத்தது, இறந்தவரின் சட்டைப்பையில் இருந்த பொருட்களின் பட்டியல். சார் என் பக்கம் தள்ளினார். கைக்குட்டை ஒன்று. சாவி ஒன்று. மார்க்கர் பேனா ஒன்று. சிறு உலோக மூடிகள் நான்கு.

கடைசியாக ஒரு தாள். நைட்ரஜன் அறையில் வாயு கசிந்து பிராணவாயு குறைந்தால் அலறுகிற அலாரம் ஒன்று இருக்கிறது. அதை ஒவ்வொரு நாளும் சோதித்ததாக டிக் போடும் படிவத்தின் நகல் அது. ஒன்று முதல் முப்பத்தொன்று வரை அத்தனை கட்டத்திலும் டிக். 'அலாரம் சரியாக இயங்கியது. எச்சரிக்கையை மீறி அவர் உள்ளேயே இருந்துள்ளார்' என்று தலைவர் கீழே எழுதியிருந்தார்.

ப்ரூஃப் சார் அந்தத் தாளை முகர்ந்து பார்க்காத குறையாகப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் என்னிடம் கொடுத்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் எனக்குப் பரீட்சை வைக்கிறார் என்று அர்த்தம். நான் இரண்டு முறை பார்த்தேன். மூன்றாவது முறை புரிந்தது.

"சார்" என்றேன் தலைவரிடம். "இந்த நகல்ல நீங்க முத்திரை போட்டிருக்கிறது இருபத்திமூணாம் தேதி. அவர் இறந்ததுக்கு மறுநாள்."

"ஆமா."

"இருபத்திநாலு, இருபத்தஞ்சு, இருபத்தாறுக்கெல்லாம் அப்பவே டிக் இருக்கே. அதுவும் அந்த மாசத்துக்கு முப்பது நாள்தான். டிக் போட்டவர் முப்பத்தொண்ணாம் தேதி அன்னிக்கும் அலாரத்தைச் சோதிச்சிருக்கார். ரொம்பப் பொறுப்பான ஆள். காலண்டரே இவர் பின்னாடி ஓடி வரணும்."

தலைவர் கண்ணாடியை மறுபடி கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். இந்த முறை துடைத்து முடிக்கவே இல்லை.

"யார் டிக் போடுறது?" என்று கேட்டார் ப்ரூஃப் சார்.

"மூத்த ஆய்வு மாணவர். அவர்கூட வேலை பார்த்தவர்தான்."

*

அந்த ஆய்வு மாணவருக்கு வயது முப்பத்திரண்டு. ஆராய்ச்சிப் பட்டத்துக்கு இது ஆறாவது வருடம். அதனால் ஆய்வகத்தில் எல்லாரும் அவரை ஆறாம் வருஷம் என்றே கூப்பிட்டார்கள். 'ஆறாம் வருஷம் டீ குடிக்கப் போயிருக்கு' என்று ஒருத்தி சொன்னபோது நான் சுவரில் நாள்காட்டியைத் தேடினேன்.

வந்தவர் மெலிந்த மனிதர். பணிவான குரல். "அக்கா எப்படி இருக்காங்க?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

"அப்படியேதான் இருக்காங்க" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ப்ரூஃப் சார் நான்கு மூடிகளைப் பற்றிக் கேட்டார். ஆறாம் வருஷம் ஒரு மூடியை எடுத்துக் காட்டினார். அடியில் ஊசி போல ஒரு கம்பி. கம்பியின் நுனியில் தலைமுடி அளவுக்கு ஒரு வளையம்.

"டி.என்.ஏ.வையும் மருந்தையும் சேர்த்துக் குழி வச்ச தட்டுல விட்டா, நாளானா பளிங்கு மாதிரி கிரிஸ்டல் வரும். இதால அதை அள்ளி, திரவ நைட்ரஜன்ல முக்கி உறைய வைப்போம். அப்பதான் எக்ஸ்ரேவைத் தாங்கும். ஒரு கிரிஸ்டலுக்கு ஒரு மூடி."

"கிரிஸ்டல் இல்லாமலே நாலு மூடியைப் பையில வச்சுக்கிட்டுப் போனாரா?"

"பழக்கத்துல வச்சிருப்பார் சார். ஒரு வருஷமா அவருக்கு எதுவும் வரல. தண்ணியா மருந்தான்னு இனிமே யாரும் கேக்கக் கூடாதுன்னு வேற ஒரு மருந்தை எடுத்துக்கிட்டார். அது தனியா இருந்தா மங்கலாத்தான் தெரியும். டி.என்.ஏ. பள்ளத்துல உட்கார்ந்துட்டா, புறஊதா விளக்கு அடிச்சா நீலமா எரியும். ஆனா கிரிஸ்டலே வரலைன்னா எதை எரிய வைக்கிறது?"

"அவரோட கடைசி தட்டு?"

"காலி சார். தூக்கிப் போட்டாச்சு."

அந்த நேரத்தில்தான் அறையின் மறுகோடியில் ஒரு கூச்சல் கேட்டது.

"விழுந்துடுச்சு!"

நான் துள்ளி எழுந்தேன். மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்த ஒரு ஆராய்ச்சிக்காரப் பெண்தான் கத்தியிருந்தாள். நாலு பேர் அவளை நோக்கி ஓடினார்கள். நானும் ஓடிப்போய்த் தரையைப் பார்த்தேன். கண்ணாடி உடையவில்லை, யாரும் வழுக்கவில்லை, ஒன்றுமே கீழே கிடக்கவில்லை. அவளோ பக்கத்தில் இருந்தவளைக் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனைல?" என்று யாரோ கேட்டார்கள்.

"எல்லாத்துலயும்! எல்லாம் விழுந்துடுச்சு!"

விழுந்ததற்குக் கை தட்டுகிற இடத்தை நான் அன்றுதான் பார்த்தேன். அப்படிச் சொல்லவும் வாயெடுத்தேன். சொல்லவில்லை. அக்கா நீட்டிய கைப்பேசித் திரை நினைவுக்கு வந்தது.

ப்ரூஃப் சார் அந்தப் பெண்ணிடம் போனார். "என்னம்மா விழுந்துச்சு?"

"கிரிஸ்டல் சார்!" மூச்சு வாங்கியது அவளுக்கு. "சொட்டுல கரைஞ்சிருக்கிறது திடீர்னு ஒருநாள் கிரிஸ்டலா விழும். மாசக்கணக்கா விழாம அழ வைக்கும். வாங்க, பாருங்க, ஊசி ஊசியா இருக்கு."

"இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வீங்களா? விழுந்துடுச்சுன்னு?"

"வேற எப்படிச் சொல்றது?"

"உங்களுக்கு எப்படிம்மா விழுந்துச்சு?"

"தண்ணி சாரோட தட்டுலேர்ந்துதான் விதை எடுத்தேன். நல்ல கிரிஸ்டலை நுணுக்கி ஒரு துளி போட்டா, அதைப் பிடிச்சுக்கிட்டுப் புதுசு வளரும். அவரோட கடைசி தட்டுல அவ்ளோ அழகா இருந்துச்சு. குளிர் அலமாரில பின்னாடி வச்சிருக்கேன். இதோ..."

தூக்கிப் போட்ட தட்டு தானாகவே திரும்பி வந்தது. உள்ளங்கை அகலத்தில் பிளாஸ்டிக் தட்டு, இருபத்திநாலு குழி. மேல் வரிசையில் நான்கு குழிகளின் மூடியில் மட்டும் மார்க்கரால் டிக். பக்கத்தில் அவசரக் கையெழுத்தில் '2.40'.

அந்தப் பெண் விளக்கை அணைத்துப் புறஊதா டார்ச்சை அடித்தாள். நான்கு குழிகளிலும் கடுகளவு நீலம் பளிச்சென்று எரிந்தது. எதுவும் போடாத மற்ற இருபதும் இருட்டாகக் கிடந்தன.

"உட்கார்ந்துடுச்சு" என்றாள் அவள் மெதுவாக. "மருந்துதான், தண்ணி இல்ல. பாவம், இதைப் பார்க்காமலே போயிட்டாரே."

"பார்த்துட்டார்ம்மா" என்றார் ப்ரூஃப் சார். "ரெண்டு நாற்பதுக்குப் பார்த்துட்டார். ரெண்டு நாற்பத்திரண்டுக்கு வீட்டுக்குச் சொல்லிட்டார்."

நான் திரும்பினேன். எல்லாரும் நீலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறாம் வருஷம் மட்டும் ப்ரூஃப் சாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

நைட்ரஜன் அறை, நடைவழியின் கடைசியில் இருந்தது. இரண்டு ஆள் நிற்கலாம். மூன்றாவது ஆள் வந்தால் ஒருவரை ஒருவர் மிதிக்க வேண்டும். ப்ரூஃப் சார் கதவைத் திறந்துவிட்டுக் கையை எடுத்தார். மேலே இருந்த ஸ்பிரிங் அதை மெல்ல இழுத்துச் சாத்தியது.

"'கதவை உட்புறமாகச் சாத்திக்கொண்டு'ன்னு ஃபைல்ல இருக்கு. இந்தக் கதவு யாரையும் கேக்குறது இல்ல." அவர் ஆறாம் வருஷத்தின் பக்கம் திரும்பினார். "நான் ஒண்ணு சொல்றேன், தப்பிருந்தா திருத்துங்க. அவர் நாலு மூடியை எடுத்துக்கிட்டு, கிரிஸ்டலை உறைய வைக்க நைட்ரஜன் பிடிக்க இங்க வந்தார். கசிவு இருந்திருக்கு. நைட்ரஜனுக்கு வாசனை இல்ல, மூச்சும் முட்டாது. நாலு தடவை இழுத்தா ஆள் சாஞ்சிடுவார். அலாரம் அலறியிருந்தா வெளிய வந்திருப்பார். ஏன் அலறல?"

ஆறாம் வருஷம் மேலே மாட்டியிருந்த அலாரத்தைப் பார்த்தார். பிறகு அந்தப் பணிவான குரல் வந்தது.

"பேட்டரி தீர்ந்து போச்சு சார். கீச் கீச்னு ஒரு நாள் பூரா கத்திக்கிட்டே இருந்துச்சு. யாராலயும் வேலை செய்ய முடியல. கழட்டித் துண்டுல சுத்தி டிராயர்ல வச்சேன். புது பேட்டரிக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். வரல. ஆறு நாளாச்சு. அவர் உள்ள போனது சத்தியமா எனக்குத் தெரியாது."

"அப்புறம்?"

"நான்தான் முதல்ல பார்த்தேன். வெளிய இழுத்துப் போட்டேன். எல்லாரும் ஓடி வந்தாங்க. அந்தக் கூட்டத்துல மைக்ராஸ்கோப் விளக்கோட பேட்டரியைப் பிடுங்கி அலாரத்துல போட்டு மாட்டிட்டேன்."

"டிக்?"

"அது மாசம் ஒண்ணாம் தேதியே மொத்தமா போட்டுடுவேன் சார். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க."

எனக்கு அவரை அறையத் தோன்றியது. இப்போது அவர் எதையும் மறைக்காததுதான் என் கையைக் கட்டிப்போட்டது. பேட்டரி தீர்ந்த அலாரத்தைக் கழற்றி வைக்காத வீடு எது? என் வீட்டிலும் ஒன்று பரண்மேல் கிடக்கிறது.

ப்ரூஃப் சார் அதோடு விடவில்லை. "அந்தம்மாவை அக்கான்னீங்களே. வீட்டுக்குப் போவீங்களா?"

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போவேன். சிலிண்டர் மாத்திக் கொடுப்பேன். பேங்க் வேலை ஏதாவது இருந்தா பார்த்துக் கொடுப்பேன்."

"அந்த மெசேஜைக் காட்டினாங்களா?"

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "முதல் ஞாயித்துக்கிழமையே காட்டினாங்க."

"ஃபைல்ல இருந்தது வீழ்ந்ததுன்னு. அதனால மத்தவங்களுக்குத் தெரியல. நீங்க ஒருத்தர்தான் ஒரிஜினலைப் பார்த்தீங்க. அதோட அர்த்தம் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, அவ்ளோ சந்தோஷமா இருந்தவர் அப்புறம் எப்படிச் செத்தார்னு கேப்பாங்களே சார்."

மணி மூன்றரை. ப்ரூஃப் சார் தலைவரின் அறைக்குப் போய், முப்பத்தொன்றாம் தேதிக்கு டிக் போட்ட தாளை மேசைமேல் வைத்து, நடைவழியில் கேட்டதைச் சொன்னார். ஃபைலை ஐந்து மணிக்கு மூடவில்லை. விசாரணையை மறுபடி நடத்துவதாகத் தலைவரே தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். கிளார்க்கைக் கூப்பிடவில்லை.

*

கடையில் அக்கா ஒரு மூக்குக் கண்ணாடியின் காலை முறுக்கிச் சரி செய்துகொண்டிருந்தார். எங்களோடு ஆறாம் வருஷமும் வந்ததைப் பார்த்து, "வா தம்பி, இன்னிக்கு என்ன வாரத்துக்கு நடுவுல?" என்றார்.

ப்ரூஃப் சார் என்னைப் பார்த்தார். நான்தான் சொல்ல வேண்டும் என்று வழியில் பேசி வைத்திருந்தோம். நாள் முழுக்க ஓயாத வாய், அவசரத்துக்கு உதவவில்லை.

"அக்கா" என்று ஆறாம் வருஷமே ஆரம்பித்தார். "விழுந்துடுச்சுன்னா எங்க லேப்ல கிரிஸ்டல் வந்துடுச்சுன்னு அர்த்தம். எல்லாம் விழுந்துடுச்சுன்னா, அவர் போட்ட நாலுலயும் வந்துடுச்சுன்னு அர்த்தம்."

அக்கா கண்ணாடியை மேசைமேல் வைத்தார். "புரியல. அது நல்ல சேதியா?"

"ஒரு வருஷத்துல அவருக்கு வந்த ஒரே நல்ல சேதி அக்கா. மருந்து உட்கார்ந்துடுச்சு. நாங்க இன்னிக்குப் பார்த்தோம். தண்ணி இல்ல. நாலும் நீலமா எரியுது."

"எனக்கு அந்த அர்த்தம் தெரியாதே. அவர் வீட்டுல அப்படிச் சொன்னதே இல்லையே."

"நீங்க கல்யாணமாகி வந்ததுலேர்ந்து அவருக்கு நல்லதா எதுவும் விழல அம்மா" என்றார் ப்ரூஃப் சார். "அதனால அந்தச் சொல்லு உங்க வீட்டுக்கு வர வழியில்லாம போச்சு. கிரிஸ்டலைப் பார்த்து ரெண்டே நிமிஷம்தான் ஆச்சு. பக்கத்து மேசையில இருந்தவங்ககிட்டகூடச் சொல்லல. முதல்ல உங்களுக்குத்தான் சொன்னார். உங்களுக்குப் புரியுமான்னு யோசிக்கக்கூட அவருக்குப் பொறுமை இல்ல."

அக்காவின் முகத்தில் எதுவும் அசையவில்லை. மூடிகளை எண்ணிப் பையில் போட்டது, அலாரம், துண்டு, டிராயர் என்று ஆறாம் வருஷம் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவருக்கு நான் மதிப்பெண் போடுவேன்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டார் அக்கா.

"முதல் ஞாயித்துக்கிழமைலேர்ந்து."

"பதிமூணு வாரம்." அவர் அதே தட்டையான குரலில்தான் சொன்னார். "பதிமூணு வாரமா உன் முன்னாடி உட்கார்ந்து, நான் கூப்பிடாததாலதான் அவர் செத்தார்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். நீ டீயைக் குடிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தே."

ஆறாம் வருஷம் அழத் தொடங்கினார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். ஏன் என்னை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"அப்ப அன்னிக்கு சாயங்காலம் அவர் வீட்டுக்கு வரத்தான் இருந்தாரா?"

"ஆமாக்கா" என்றேன். "வர்றதாத்தான் இருந்தார். இதைச் சொல்லணும்னு சீக்கிரமாவே கிளம்பியிருப்பார்."

அக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். முதலில் உதடு கோணியது. ஊசியின் மரப்பு விடும்போது வலி வருவதற்கு முன்னால் ஒரு குறுகுறுப்பு வருமே, அந்த மாதிரி கன்னத்தைக் கையால் தேய்த்துக்கொண்டார்.

"எல்லாரும் வெளிய போங்க. நான் அழணும்."

வந்தோம். ஆறாம் வருஷம் எங்களிடம் எதுவும் சொல்லாமல், வாக்குமூலம் எழுதிக் கொடுக்க நிலையத்தின் பக்கம் நடந்தார். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். உள்ளே அக்கா சத்தம் போட்டு அழுதார். கணவர் பெயரைச் சொல்லிச் சொல்லி, வாங்க வாங்க என்று கூப்பிட்டு அழுதார். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை.

வயதான ஒருவர் உடைந்த கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறினார். உள்ளேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுத் தயங்கி நின்றார்.

"கடை இருக்காம்மா?"

"இன்னிக்கு லீவுங்க" என்றேன்.